சைலன்சரும் இல்ல, பெட்ரோலும் இல்ல... டர்ட் பைக் ஓட்டிகள் எலெக்ட்ரிக் மவுண்டன் பைக்குக்கு மாறுவது ஏன்? சிக்கல் எங்கே?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிறிய ஊர். ஊருக்கு வெளியே செம்மணற்பாறை மேட்டில் 'ஸ்லிக்ராக்' என்ற பாதை ஓடுகிறது. மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது கிட்டத்தட்ட புனிதத் தலம். ஆனால் 1969-ல் இந்தப் பாதையை உருவாக்கியது சைக்கிள்காரர்கள் கிடையாது, மோட்டார் சைக்கிள் ஓட்டிகள். தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாரான முதல் மவுண்டன் பைக் கடைக்கு வந்ததே 1981-ல்தான்.

இன்று அதே பாறையில் டர்ட் பைக்கும் போகிறது, காலால் மிதிக்கும் சைக்கிளும் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் போகிறது. அதுதான் எலெக்ட்ரிக் மவுண்டன் பைக். சத்தம் கிடையாது, புகை கிடையாது. பெடலை மிதித்தால் மோட்டார் கூடவே தள்ளும். இருபது, முப்பது வருஷம் டர்ட் பைக் ஓட்டியவர்களில் பலர் இப்போது இதை வாங்குகிறார்கள். சிலர் டர்ட் பைக்கோடு சேர்த்து, சிலர் அதை விற்றுவிட்டு.

பார்க்க வெறும் பொழுதுபோக்கு சமாச்சாரம் மாதிரி தெரியும். ஆனால் உள்ளே போனால் எது சைக்கிள், எது மோட்டார் வண்டி, யாருக்கு எந்தக் காட்டுக்குள் போக உரிமை என்ற பெரிய சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையில் டர்ட் பைக் ஓட்டிகள் தங்களுக்குக் கிடைத்த புது வழியைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது.

*பேரில் குழப்பம்: மூன்றும் வேறு வேறு வண்டி*

டர்ட் பைக் தெரியும். மண், பாறை, சேறு என்று சாலை இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கான பெட்ரோல் மோட்டார் சைக்கிள். இண்டிகேட்டர், கண்ணாடி எதுவும் இருக்காது.

எலெக்ட்ரிக் மவுண்டன் பைக் என்பது அடிப்படையில் சைக்கிள். பெடல் உண்டு, செயின் உண்டு, கியர் உண்டு. மிதிக்கும் இடத்தில், அதாவது இரண்டு பெடலுக்கும் நடுவில் ஒரு சின்ன மோட்டார் உட்கார்ந்திருக்கும். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்கும். அதற்கேற்ப மோட்டார் சக்தியைச் சேர்க்கும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். முறுக்குவதற்கு ஆக்ஸிலேட்டர் கிடையாது.

மூன்றாவதுதான் குழப்பத்துக்குக் காரணம். சீனாவின் சர்-ரான் நிறுவனத்தின் 'லைட் பீ' போன்ற வண்டிகள். பார்க்க ஒல்லியாக சைக்கிள் மாதிரியே இருக்கும். ஆனால் பெடல் இருக்காது, கால் வைக்க கம்பி இருக்கும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மணிக்கு 70 கி.மீ. வரை பறக்கும். எடை 50 கிலோவுக்கு மேல். இதை 'இ-மோட்டோ' என்கிறார்கள். இது எலெக்ட்ரிக் மோட்டார் சைக்கிள்தான், சைக்கிள் கிடையாது. ஆனால் 'இ-பைக்' என்ற ஒரே பேரில் பலரும் இதையும் சேர்த்துப் பேசுகிறார்கள். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*50 குதிரைத்திறன் எங்கே, ஒன்று எங்கே?*

450 சிசி மோட்டோகிராஸ் வண்டி 50 குதிரைத்திறனுக்கு மேல் தரும். எடை 105 கிலோவைத் தாண்டும். பரவலாக விற்கும் பாஷ் நிறுவனத்தின் இ-மவுண்டன் பைக் மோட்டார், உச்சத்தில் கொடுத்துவந்தது 600 வாட். 2025-ல் அதை 750 வாட்டாகக் கூட்டினார்கள். 746 வாட் சேர்ந்தால் ஒரு குதிரைத்திறன். அப்படியென்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி கதையும் அதேதான். பெரிய இ-மவுண்டன் பைக் பேட்டரி 800 வாட்-மணி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. முழு சார்ஜ் போட்ட பேட்டரியில் இருப்பது அரை டம்ளர் பெட்ரோல் அளவு ஆற்றல்தான். பெட்ரோல் என்ஜின் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கிவிடும் என்பது உண்மை. ஆனாலும் இடைவெளி பெரிசு.

இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இது எப்படி மாற்று? காரணம் எடை. சைக்கிள் 25 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிலோ. மோட்டார் 600 வாட், கால் ஒரு 200 வாட். நூறு மீட்டருக்கு 15 மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றத்தில் இந்த 800 வாட், உராய்வு இழப்பெல்லாம் போக மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற்றிவிடும். மோட்டார் இல்லாத 15 கிலோ சைக்கிளில் அதே ஆள், அதே கால்பலத்தில் ஏறினால் மணிக்கு 5 கி.மீ. அது நடக்கிற வேகம்.

இந்த 5-க்கும் 15-க்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. டர்ட் பைக் ஓட்டிகள் சாதாரண மவுண்டன் பைக்கை ஒதுக்கியதற்கு முக்கியமான காரணம் ஏற்றம். ஒரு மணி நேரம் மூச்சிரைக்க மிதித்து, பத்து நிமிஷம் இறங்குவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் அந்த ஒரு மணி நேரத்தை இருபது நிமிஷமாக்குகிறது. அதைவிட முக்கியமாக, வேரும் கல்லுமான ஏற்றத்தில் எந்தக் கோட்டைப் பிடிப்பது, எங்கே எடையைப் பின்னால் தள்ளுவது என்ற டர்ட் பைக் வித்தை ஏற்றத்திலும் பயன்படுகிறது. சாதாரண சைக்கிளில் ஏற்றம் வெறும் உழைப்பு. இதில் ஏற்றமும் ஓட்டுதல்தான்.

வேக போதை இதில் கிடைக்காது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி பின்சக்கரத்தால் மண்ணை வாரி இறைப்பது, பெரிய மேட்டில் ஏறி முப்பது அடி தாண்டுவது, மணல் திட்டில் பறப்பது... இதெல்லாம் வேண்டுமென்றால் இ-மவுண்டன் பைக் வாங்கி ஏமாறக் கூடாது. டர்ட் பைக்கில் சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கும், இதில் பெரும்பாலும் 150 முதல் 170-தான். மோட்டோகிராஸ் களத்துக்கு இது மாற்றே கிடையாது. காட்டுக்குள் ஒற்றையடிப்பாதையில் மெதுவாக, நுணுக்கமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

*அப்புறம் ஏன் மாறுகிறார்கள்? இடம் சுருங்குகிறது*

முதல் காரணம், ஓட்ட இடம் இல்லை. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். லிவர்மோர் நகருக்கு அருகே கார்னகி என்ற அரசு மோட்டார் பூங்கா இருக்கிறது. அதை விரிவாக்குவதற்காக 1990-களில் பக்கத்திலேயே சுமார் 3,100 ஏக்கர் வாங்கினார்கள். 'டெஸ்லா' நிலம் என்று பேர். (எலான் மஸ்க்கின் கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே பழைய சுரங்க ஊர் ஒன்றின் பெயர் அது.) இருபது வருஷத்துக்கும் மேல் சுற்றுச்சூழல் வழக்கு, போராட்டம் என்று இழுத்தது. கடைசியில் 2021-ல் மாநில அரசு, அங்கே மோட்டார் வண்டிக்கே அனுமதி இல்லை என்று முடிவெடுத்தது. டர்ட் பைக் ஓட்டிகள் கட்டிய கட்டணத்தில் வாங்கிய நிலம் அது. பணம் அந்த நிதிக்குத் திருப்பித் தரப்பட்டது, நிலம் கிடைக்கவில்லை.

அடுத்தது புகை விதி. மாநிலத்தின் மாசு அளவுகோலில் தேறாத போட்டி வண்டிகளுக்கு முன்பு 'சிவப்பு ஸ்டிக்கர்' கொடுத்து, வருஷத்தில் சில மாதங்கள் பொது நிலங்களில் ஓட்ட விட்டார்கள். 2022 மாடல் முதல் அந்த ஸ்டிக்கரும் நிறுத்தப்பட்டது. புதிதாக வாங்கும் போட்டி ரக டர்ட் பைக்கை மூடிய போட்டிக் களத்தில் மட்டும்தான் ஓட்டலாம்.

சத்தத்துக்கும் வரம்பு உண்டு. 1986-க்குப் பிறகு தயாரான வண்டி என்றால், சைலன்சரிலிருந்து 20 அங்குல தூரத்தில் அளந்தால் 96 டெசிபலைத் தாண்டக் கூடாது. பாதைகளை மூடச் சொல்லி வரும் புகார்களில் சத்தம் எப்போதும் முன்வரிசையில் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஒரே ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டி, இந்தப் பக்கம் நடந்துபோகும் ஐம்பது பேரின் காலைப்பொழுதைக் கெடுத்துவிடும். எலெக்ட்ரிக்கில் அந்தப் பிரச்சினையே இல்லை.

இரண்டாவது காரணம் நேரம். டர்ட் பைக் ஓட்டப் போவது என்றால் அரை நாள் வேலை. பிக்அப் லாரியில் ஏற்று, கயிறு கட்டு, இரண்டு மணி நேரம் ஓட்டு, இறக்கு. திரும்பி வந்து கழுவு, ஏர் ஃபில்டரைப் பிரித்துச் சுத்தம் செய், ஆயில் பார். டூ-ஸ்ட்ரோக் என்றால் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டன் மாற்று. இ-மவுண்டன் பைக்கை வேலை முடிந்து வந்த சாயங்காலத்தில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம். குடும்பஸ்தர்களுக்கு இதுதான் உண்மையான காரணம் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இல்லாத ஆளுக்கும், புதன்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் காணாமல் போகிற ஆளுக்கும் வீட்டில் கிடைக்கும் வரவேற்பு ஒன்றல்ல.

மூன்றாவது உடம்பு. 105 கிலோ வண்டி மேலே விழுந்தால் தூக்கி நிறுத்த ஐம்பது வயதில் முடியாது. அதே சமயம், 'மோட்டார் இருந்தால் உடற்பயிற்சி எங்கே?' என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 33 பேரை ஒரே பாதையில் சாதாரண மவுண்டன் பைக்கிலும் எலெக்ட்ரிக்கிலும் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். எலெக்ட்ரிக்கில் சராசரி இதயத்துடிப்பு, சாதாரண சைக்கிளில் இருந்ததில் 94 சதவீதம் இருந்தது. ஓட்டியவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு உழைத்த மாதிரியே தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் 'சோம்பேறி சைக்கிள்' என்ற கிண்டல் சரியில்லை என்று சொல்ல இது போதும்.

செலவு? இங்கே பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல இ-மவுண்டன் பைக் 5,000 டாலரில் தொடங்கி 12, 13 ஆயிரம் டாலர் வரை போகிறது. அந்த விலைக்குப் புது டர்ட் பைக்கே கிடைக்கும். பெட்ரோல், என்ஜின் வேலை மிச்சம்தான். ஆனால் சில வருஷம் கழித்து பேட்டரி மாற்ற வேண்டும் என்றால் அதற்குத் தனிச் செலவு.

*முதல் நாளே விழ வைக்கும் பிரேக்*

கடைக்காரர்கள் சொல்ல மறக்கும் ஒரு விஷயம் உண்டு. டர்ட் பைக்கில் வலது கைப்பிடி முன் பிரேக். இடது கை கிளட்ச். பின் பிரேக் வலது காலில். ஆனால் அமெரிக்காவில் விற்கும் சைக்கிள்களில் இடது கைதான் முன் பிரேக், வலது கை பின் பிரேக்.

இருபது வருஷப் பழக்கத்தில் இருக்கும் ஆள், செங்குத்தான இறக்கத்தில் பதற்றப்பட்டால் என்ன நடக்கும்? இடது கை தானாக 'கிளட்ச்' பிடிக்கும். பிடிபட்டது முன் பிரேக். முன்சக்கரம் நின்றுவிடும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார்.

இதற்குத் தீர்வு சுலபம். இரண்டு பிரேக்கின் ஆயில் குழாயையும் இடம் மாற்றிவிட வேண்டும். 'மோட்டோ பிரேக்' என்று சொன்னால் சைக்கிள் மெக்கானிக்குக்குப் புரியும். இங்கிலாந்தில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே சைக்கிளிலும் வலது கைதான் முன் பிரேக்.

இன்னொன்று டயர். டர்ட் பைக் டயரின் பிடிமானத்தை நம்பி வளைவில் காலை நீட்டிச் சாயும் பழக்கம் இதில் எடுபடாது. 25 கிலோ வண்டியை நிலம் பிடித்து வைக்காது, ஓட்டுபவரின் எடைதான் அழுத்த வேண்டும். பழக சில வாரம் ஆகும்.

*எங்கே ஓட்டலாம்? இங்கேதான் வேடிக்கை*

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இ-பைக்குக்கு மூன்று வகுப்பு. மிதித்தால் மட்டும் மோட்டார் ஓடி, மணிக்கு 32 கி.மீ. (20 மைல்) வேகத்தில் நின்றுவிடுவது கிளாஸ் 1. ஆக்ஸிலேட்டரும் இருந்து, அதே வேகத்தில் நிற்பது கிளாஸ் 2. மிதித்தால் 45 கி.மீ. (28 மைல்) வரை உதவுவது கிளாஸ் 3. மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது. மலைப்பாதைகளில் அனுமதி என்று வரும்போது பெரும்பாலும் பேச்சு கிளாஸ் 1 பற்றித்தான்.

ஐரோப்பாவில் இன்னும் இறுக்கம்: தொடர்ந்து தரும் சக்தி 250 வாட், வேகம் 25 கி.மீ. இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கி.மீ.-க்கும் உட்பட்ட வண்டிக்குத்தான் பதிவெண், லைசென்ஸ் தேவையில்லை.

சரி, கிளாஸ் 1 என்றால் சைக்கிள் போகிற எல்லாக் காட்டுப்பாதையிலும் போகலாமா? முடியாது. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது.

தேசிய வனங்களை நிர்வகிக்கும் அமெரிக்க வனத்துறையைப் பொறுத்தவரை இ-பைக் ஒரு மோட்டார் வண்டி. 2005-ல் வந்த விதிப்படி மோட்டார் வண்டிக்கு என்று ஒதுக்கிய பாதையில்தான் மோட்டார் வண்டி போகலாம். 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும் அடிப்படை மாறவில்லை. தேவைப்பட்டால் தனியாக ஆய்வு செய்து, குறிப்பிட்ட பாதையை இ-பைக்குக்குத் திறக்கலாம் என்று மட்டும் வழி வைத்தார்கள்.

நில மேலாண்மைப் பணியகம் என்ற இன்னொரு மத்தியத் துறை 2020-ல் வேறு மாதிரி விதி கொண்டுவந்தது. உள்ளூர் அதிகாரி விரும்பினால், ஆய்வுக்குப் பிறகு இ-பைக்கை மோட்டார் இல்லாத வண்டியாகக் கருதி அனுமதிக்கலாம். அதிகாரி முடிவெடுக்கும் வரை பழைய நிலைதான்.

1964-ன் வனாந்தரச் சட்டத்தின் கீழ் வரும் நிலங்களில் கதையே முடிந்தது. அங்கே சாதாரண சைக்கிளுக்கே இடமில்லை.

இப்போது வேடிக்கையைக் கவனியுங்கள். சந்தேகமே இல்லாமல் இ-மவுண்டன் பைக் ஓட்டக்கூடிய இடம் எது? மோட்டார் சைக்கிளுக்குத் திறந்திருக்கும் ஒற்றையடிப்பாதைகள். அதாவது டர்ட் பைக் சங்கங்கள் பல வருஷமாக விழுந்த மரத்தை வெட்டி, அரித்த இடத்தில் கல் வைத்துக் காப்பாற்றி வந்த அதே பாதைகள். ஸ்லிக்ராக் மாதிரி. சைக்கிளிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு மாறியவர் புதுப் பாதை தேடி அலைகிறார். டர்ட் பைக்கிலிருந்து மாறியவருக்கு அது ஏற்கெனவே மனப்பாடம். 'சைக்கிளுக்கு மாறினால் எல்லாக் காடும் திறந்துவிடும்' என்று நினைத்து வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

*சைக்கிளா, மோட்டார் சைக்கிளா? சங்கங்களே அடித்துக்கொண்டன*

விளையாட்டு அமைப்புகளுக்கும் இதே குழப்பம். 2019-ல் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம், இத்தாலியின் இமோலாவில் மோட்டோகிராஸ் போட்டியோடு சேர்த்து இ-சைக்கிளுக்கு ஒரு உலகக் கோப்பை நடத்தியது. சர்வதேச சைக்கிள் ஒன்றியம் கொதித்துப்போனது. 'இது எங்கள் எல்லை' என்றது. தன் உரிமம் வைத்திருக்கும் வீரர்கள் அதில் கலந்துகொண்டால் நடவடிக்கை என்றும் எச்சரித்தது. அதே ஆண்டு கனடாவின் மோன்-செயின்ட்-ஆன் மலையில் தன் முதல் இ-மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்பையும் நடத்தியது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை மாதிரி தெரியலாம். ஆனால் 'சைக்கிள்' என்ற பெயரில் நிறைய அடங்கியிருக்கிறது. பதிவெண், இன்சூரன்ஸ், லைசென்ஸ், காட்டுப்பாதை அனுமதி எல்லாமே அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

*'கொஞ்சம் கூட்டினா என்ன?'*

டர்ட் பைக் ஓட்டி இ-மவுண்டன் பைக் வாங்கி ஒரு மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி இதுதான். 32 கி.மீ.-ல் மோட்டார் நிற்கிறதே, அதைத் தூக்க முடியாதா? அதற்கு இணையத்தில் சின்ன சின்ன சில்லுகள் கிடைக்கின்றன. அல்லது, பேசாமல் சர்-ரான் வாங்கிவிடலாமே?

கம்பெனிகளும் அந்த ஆசைக்குத் தீனி போடுகின்றன. ட்ரோன் தயாரிக்கும் சீன நிறுவனமான டிஜேஐ, 2024-ல் 'அவினாக்ஸ்' மோட்டாரோடு களமிறங்கியது. உச்ச சக்தி 850 வாட். சில நொடி பூஸ்ட் போட்டால் 1,000 வாட். அதுவரை 600 வாட்டில் இருந்த பாஷும் அடுத்த வருஷமே சக்தியைக் கூட்டியதைப் பார்த்தோம். சட்டம் பேசுவது தொடர்ந்து தரும் சராசரி சக்தியை, விளம்பரம் பேசுவது உச்ச சக்தியை. அந்த இடைவெளியில்தான் இந்தப் போட்டி நடக்கிறது. ஜெர்மனியின் சைக்கிள் தொழில் சங்கமே பயந்துபோய், உச்ச சக்திக்கு 750 வாட் வரம்பு வைக்கலாம் என்று 2025-ல் யோசனை சொன்னது. தன் தொழிலுக்குத் தானே கடிவாளம் கேட்கும் சங்கம் அபூர்வம். சக்தி கூடிக்கொண்டே போனால் ஒருநாள் அரசு 'இது மோட்டார் சைக்கிள்' என்று எழுதிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பாதைக்கு ஆகும் சேதமும் இந்தக் கணக்கில் வரும். சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் 2015-ல் ஓரிகான் மாநிலத்தில் ஒரு சோதனை நடத்தியது. கிளாஸ் 1 இ-பைக் பெயர்த்த மண், சாதாரண மவுண்டன் பைக் பெயர்த்ததற்குப் பக்கத்தில்தான் இருந்தது. மோட்டார் சைக்கிள் பெயர்த்தது மிக அதிகம். அதிகாரிகளிடம் அனுமதி கேட்டுப் போகிறவர்கள் காட்டும் முக்கியமான ஆதாரங்களில் இது ஒன்று. ஆனால் அந்தச் சோதனையில் ஓடியது 32 கி.மீ.-ல் நிற்கும் சைக்கிள். வரம்பைத் தூக்கிய வண்டிக்கும் சர்-ரானுக்கும் அந்த முடிவு பொருந்தாது. நடைபாதையில் ஒரு சர்-ரான் சீறிப் போனால், அதைப் பார்த்தவர் 'இ-பைக் ஒன்று போனது' என்றுதான் புகார் எழுதுவார். விளைவு கிளாஸ் 1 வைத்திருப்பவர் தலையில் விழும்.

கலிஃபோர்னியா இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடத் தொடங்கிவிட்டது. 'எஸ்பி 1271' சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது, கிளாஸ் 1, கிளாஸ் 3 வண்டிகளை ஆக்ஸிலேட்டரால் மட்டும் ஓட்ட முடியக் கூடாது என்று அது அழுத்திச் சொல்கிறது. அடுத்து 'எஸ்பி 586'. பெடல் இல்லாத இ-மோட்டோக்களை சாலைக்கு வெளியே ஓடும் மோட்டார் சைக்கிள் என்றே வகைப்படுத்தியது. 2026 ஜனவரி முதல் ஹெல்மெட்டும் போக்குவரத்துத் துறை தரும் அடையாளத் தகடும் கட்டாயம்.

*டர்ட் பைக் கம்பெனிகள் என்ன ஆச்சு?*

தங்கள் வாடிக்கையாளர்கள் மாறுவதைப் பார்த்து இவர்களும் சும்மா இருக்கவில்லை. யமஹாவுக்கு இது புதுசும் இல்லை. மோட்டார் உதவியோடு மிதிக்கும் சைக்கிளை 1993-லேயே ஜப்பானில் விற்ற நிறுவனம் அது. 2020 வாக்கில் 'ஒய்டிஎக்ஸ்-மோரோ' என்ற இ-மவுண்டன் பைக்கை அமெரிக்காவில் இறக்கியது. ஆனால் கொரோனா காலத்தில் ஏறிய சைக்கிள் சந்தை பிறகு சரிந்தது. கிடங்கில் சரக்கு தேங்கியது. 2024 முடிவோடு அமெரிக்க இ-பைக் விற்பனையை யமஹா மூடிவிட்டது.

கேடிஎம்-மின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அதன் தாய் நிறுவனமான பியரர் மொபிலிட்டி, ஹஸ்க்வர்னா, காஸ்காஸ் என்ற புகழ்பெற்ற டர்ட் பைக் பெயர்களிலேயே இ-மவுண்டன் பைக் விற்றுப் பார்த்தது. எடுபடவில்லை, 2024-ல் சைக்கிள் தொழிலிலிருந்து விலக முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் கேடிஎம்-மே திவால் நடைமுறைக்குப் போனது. 2025-ல் 80 கோடி யூரோ போட்டு மீட்டது புனேவின் பஜாஜ் ஆட்டோ. இன்று அந்த நிறுவனம் பஜாஜின் கட்டுப்பாட்டில். (கடையில் கேடிஎம் பெயரோடு நிற்கும் சைக்கிள்கள் வேறு கம்பெனி, 1990-களின் தொடக்கத்தில் பழைய கேடிஎம் உடைந்தபோதே சைக்கிள் பிரிவு தனியாகப் போய்விட்டது.)

ஆக, டர்ட் பைக் ஓட்டிகள் மாறினார்கள். ஆனால் அவர்கள் நம்பிய டர்ட் பைக் கம்பெனிகளிடம் வாங்கவில்லை. ஸ்பெஷலைஸ்ட் மாதிரியான சைக்கிள் கம்பெனிகளிடம் போனார்கள். சைக்கிள் வாங்கப் போகிறவர், நல்ல சைக்கிள் செய்கிறவரிடம்தானே போவார்?

*பாதைக்கு யார் பணம் கட்டுவது?*

கலிஃபோர்னியாவில் டர்ட் பைக் ஓட்டுபவர் பதிவுக் கட்டணம் கட்டுகிறார். பூங்கா நுழைவுக் கட்டணம் கட்டுகிறார். பெட்ரோல் வரியில் ஒரு பங்கும் சேர்கிறது. மோட்டார் பூங்காக்களை நடத்துவதும், பாதைகளைச் செப்பனிட மானியம் தருவதும் இந்த நிதியிலிருந்துதான். 1971-லிருந்து இந்த ஏற்பாடு ஓடுகிறது.

இ-மவுண்டன் பைக் வைத்திருப்பவர் சட்டப்படி சைக்கிள்காரர். பதிவு இல்லை, ஸ்டிக்கர் கட்டணம் இல்லை, பெட்ரோலும் இல்லை. ஆனால் ஓட்டுவது பெரும்பாலும் அதே மோட்டார் பாதையில். ஒருவர் டர்ட் பைக்கை விற்றுவிட்டு இதற்கு மாறும்போது, அவர் பாதையில் இருந்து காணாமல் போவதில்லை. பாதைக்கான பணத்திலிருந்துதான் காணாமல் போகிறார். அடுத்த முறை ஒரு பாதையை மூடலாமா என்று பொது விசாரணை நடக்கும்போது, மோட்டார் சைக்கிள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. அந்தப் பாதை மூடப்பட்டால் அவருடைய இ-பைக்குக்கும் சேர்த்துத்தான் மூடப்படும். இதை யோசித்து, எலெக்ட்ரிக் வாங்கிய பிறகும் பழைய சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்கள் புத்திசாலிகள்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை. எந்த கிளாஸ், உச்ச வேகம் எவ்வளவு, எத்தனை வாட் என்று அதில் இருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். ஸ்டிக்கரே இல்லாத வண்டி என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம். வண்டியின் வேகத்தை மாற்றினால் ஸ்டிக்கரையும் அதற்கேற்ப மாற்றி ஒட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மணிக்கு 45 கி.மீ.-க்கு மேல் மோட்டார் தள்ளும்படி கூட்டிய வண்டிக்கு ஒட்ட அங்கே எந்த கிளாஸும் கிடையாது.